பட்டாளத்திலிருந்து ரயில் கம்பெனிக்கு

மற்ற உத்தியோகங்களில் இருப்போர் அறுபது வயதை நெருங்கும்போது சந்திக்கும் ஒரு கேள்வியை, ராணுவ உத்தியோகஸ்தர் தம் தேகபலமும் ஊக்கமும் சற்றும் குன்றாத முப்பத்தைந்திலோ நாற்பத்தைந்திலோ சந்திக்க வேண்டியவராகிறார். யுத்தம் முடிந்தவுடன் அரசாங்கம் சேனையைக் குறைக்கிறது. சமாதானம் நீடிக்கும்போது மேல் ஸ்தானங்கள் காலியாவதில்லை. குடும்பமோ வளர்ந்துகொண்டே போகிறது. இந்த நிலையில், அதுவரை ஆயிரம் பேரை நடத்திச் சென்று பழகிய ஒருவர், இனி எந்த ஜீவனோபாயத்தைத் தேடுவது, கற்றதில் எது வெளியுலகத்தில் செல்லுபடியாகும் என்று யோசித்து நிற்கும் நிலை நம் தலைமுறையில் புதிதாகத் தோன்றியதன்று. சென்ற இருநூறு ஆண்டுகளாக அது பல தேசங்களில் எழுந்திருக்கிறது; அதற்குக் கிடைத்த விடைகளும் பலவிதமானவை. அவற்றுள் மிகப் பெரிய விளைவுகளைத் தந்த விடை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ராணுவ உத்தியோகஸ்தர்கள் ரயில் கம்பெனிகளுக்குள் பிரவேசித்த வரலாறு.

1815இல் வாட்டர்லூ யுத்தம் முடிந்து நெப்போலியன் வீழ்ந்தபோது, பிரிட்டிஷ் சேனையிலும் கப்பற்படையிலும் ஆயிரக்கணக்கான உத்தியோகஸ்தர்கள் வேலையின்றி நின்றார்கள். அவர்களை அறவே நீக்கிவிடாமல், வேண்டும்போது திரும்ப அழைத்துக்கொள்ளும் உத்தேசத்துடன், அரைச் சம்பளம் என்னும் ஏற்பாட்டின்கீழ் அரசாங்கம் அவர்களை வைத்திருந்தது. அந்தச் சம்பளத்தில் கௌரவமாக வாழ்வது கடினம். பெரிய யுத்தம் எதுவும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லாததால் திரும்ப அழைக்கப்படுவோம் என்ற நம்பிக்கையும் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டே வந்தது. இப்படியிருக்கையில்தான் 1830இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கிற்று. அடுத்த பத்தாண்டுகளில் கம்பெனிக்குப் பின் கம்பெனி தோன்றவே, நூறு மைல் தூரத்துக்கு நீண்டு கிடக்கும் பாதைகளைப் பரிபாலிக்க வேண்டிய புதிய பிரச்னை ஒன்று முதலாளிகளை எதிர்நோக்கியது.

அதுவரை இருந்த எந்த வியாபாரத்திலும் அத்தகைய பிரச்னை எழுந்ததில்லை. நூற்பாலை முதலாளி தம் ஆலையின் ஒரு மூலையில் நின்றால் மறு மூலை வரை பார்க்கலாம். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்கலாம். ரயில் கம்பெனியிலோ, முதலாளியின் கண்ணுக்கு எட்டாத தொலைவில், ஒருவரையொருவர் பார்த்திராத நூற்றுக்கணக்கான ஆட்கள், ஒரே வேலையை ஒரே நேரக் கணக்கில் பிழையின்றிச் செய்தாக வேண்டும். செய்யத் தவறினால் உயிர்ச்சேதம். தொலைவில் சிதறிக் கிடக்கும் ஆட்களை ஒழுங்குக்குள் வைத்துப் பழகியவர்கள் அந்தக் காலத்தில் சேனையிலும் கடற்படையிலும்தான் அதிகம் இருந்தார்கள். ஆகவே, கம்பெனி டைரக்டர்கள் காப்டன்களைத் தேடிப் போனதில் வியப்பில்லை. லண்டன்–பர்மிங்காம் ரயில்வேயின் காரியதரிசியாக வந்த கான்ஸ்டன்டைன் மூர்சம் கடற்படைக்காரர். மான்செஸ்டர்–லீட்ஸ் ரயில்வேயை நிர்வகித்த காப்டன் லாஸும் அப்படியே.

இவர்களுள் தலைசிறந்தவர் காப்டன் மார்க் ஹியூஷ். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளச் சேனையில் பணிபுரிந்து, தாய்நாடு திரும்பி, 1837இல் ஸ்காட்லாந்தின் சிறிய ரயில் கம்பெனி ஒன்றில் காரியதரிசியாக அமர்ந்தவர். 1841இல் கிராண்ட் ஜங்ஷன் ரயில்வேக்கு மாறி, 1846இல் பல கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் என்னும் மாபெரும் ஸ்தாபனம் உருவானபோது அதன் பொது நிர்வாகியாக உயர்ந்தார். பாரங்களின் எடை, வண்டிகள் ஓடிய மைல், தண்டவாளத்தின் தேய்மானம், ஒவ்வொரு பகுதியின் வரவு செலவு ஆகியவற்றை எழுத்தில் வரவழைத்து, அவற்றை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கத்தை அவர் வேரூன்றச் செய்தார். உத்தரவிடும் கம்பீரம் பட்டாளத்தார் எல்லோருக்கும் பொதுவானது. உத்தரவு நிறைவேறியதா என்பதை நாள்தோறும் காகிதத்தில் கண்டறியும் பொறுமையே ஹியூஷைத் தனித்துக் காட்டியது.

அட்லாண்டிக் மகாசமுத்திரத்துக்கு அப்பால் இந்த வரலாறு இன்னும் விரிவானது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1802இல் ஹட்ஸன் நதிக்கரையில் வெஸ்ட் பாயிண்ட் என்னுமிடத்தில் ராணுவக் கல்விச்சாலை ஒன்றை ஸ்தாபித்தன. 1817 முதல் 1833 வரை அதன் தலைவராக இருந்த சில்வேனஸ் தேயர், பிரான்ஸ் தேசத்துப் பொறியியல் பள்ளிகளை நேரில் கண்டு வந்தவர். கணிதத்தையும் பொறியியலையும் படிப்பின் நடுநாயகமாக்கினார் அவர். ஒவ்வொரு மாணவரும் தினந்தோறும் ஆசிரியர் முன் நின்று பாடத்தை விளக்க வேண்டும்; அதற்கு மதிப்பெண் உண்டு; மதிப்பெண்கள் வாரந்தோறும் அறிக்கையாகத் தலைவருக்குப் போகும்; அந்தக் கணக்கின்படி வகுப்பில் ஒவ்வொருவருக்கும் வரிசை எண் நிர்ணயிக்கப்படும். மனிதரின் முயற்சியை எண்ணாக்கி, எழுத்தாக்கி, பதில் சொல்ல வைக்கும் இந்த முறையில் வளர்ந்த வாலிபர்கள், பின்னாளில் எங்கே போனாலும் அந்த முறையையும் கூடவே கொண்டு போனார்கள்.

அந்நாளில் அமெரிக்காவில் முறையாகப் பயின்ற இஞ்சினீயர்கள் வெகு சிலரே. ஈரி கால்வாயை வெட்டி வெட்டியே தொழிலைக் கற்றவர்கள் ஒரு பகுதியினர். வெஸ்ட் பாயிண்டில் படித்தவர்கள் மறு பகுதியினர். 1824இல் நிறைவேறிய சர்வே சட்டம், சாலைகளையும் கால்வாய்களையும் அளந்து திட்டமிடுவதற்கு ராணுவ இஞ்சினீயர்களை உபயோகிக்கும் அதிகாரத்தை ஜனாதிபதிக்கு வழங்கிற்று. அந்தச் சட்டத்தின் நிழலில், தனியார் ரயில் கம்பெனிகளுக்கும் அரசாங்கச் சம்பளத்திலேயே ராணுவ உத்தியோகஸ்தர்கள் அனுப்பப்பட்டார்கள். 1827இல் சாசனம் பெற்ற பால்டிமோர் அண்ட் ஓஹையோ கம்பெனிக்குப் பாதை அளக்க வந்தவர்களுள் ஸ்டீவன் லாங், வில்லியம் கிப்ஸ் மக்நீல், ஜார்ஜ் வாஷிங்டன் விஸ்லர் ஆகிய மூவரும் முக்கியமானவர்கள். மக்நீலையும் விஸ்லரையும் ஜானதன் நைட் என்னும் இஞ்சினீயருடன் சேர்த்து, ரயில் தொழிலை நேரில் கற்று வருமாறு, கம்பெனி 1828இல் இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தது.

இப்படிச் சில ஆண்டுகள் ரயில் வேலையில் ஈடுபட்டவர்களுக்கு, மறுபடியும் எல்லைப்புறக் கோட்டையொன்றில் உட்கார்ந்து பதவி உயர்வுக்குக் காத்திருப்பதில் நாட்டமில்லாமல் போயிற்று. கம்பெனிகள் கொடுத்த சம்பளம் ராணுவச் சம்பளத்தைப் போல் சில மடங்கு; புளோரிடாவின் சதுப்பு நிலங்களில் செமினோல் மக்களோடு நடந்த யுத்தமோ 1835 முதல் முடிவே தெரியாமல் இழுத்துக்கொண்டு போயிற்று. 1836ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட உத்தியோகஸ்தர்கள் ராஜிநாமாக் கடிதம் கொடுத்தார்கள். அன்றைய சிறிய அமெரிக்கச் சேனைக்கு இது பேரிழப்பு. பொதுமக்கள் வரிப்பணத்தில் படித்தவர்கள் தனியார் லாபத்துக்கு உழைப்பது முறைதானா என்ற வாதம் சட்டசபையில் எழுந்தது. 1838இல் வந்த சட்டம், பணியிலிருக்கும் ராணுவ உத்தியோகஸ்தர்கள் தனியார் கம்பெனிகளின் வேலையில் ஈடுபடலாகாது என்று தடை விதித்தது. ஒரே சமயத்தில் இரண்டு துறைகளிலும் நிற்கும் வழி அதனோடு அடைபட்டது. ஆயினும், ராஜிநாமாச் செய்துவிட்டு வருபவரைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை.

விஸ்லர் 1833இலேயே ராஜிநாமாச் செய்துவிட்டார். மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் உஸ்டரிலிருந்து மேற்கே ஆல்பனி வரை, மலைகளைக் கடந்து, சுமார் 150 மைல் நீளத்துக்குப் போடப்பட்ட வெஸ்டர்ன் ரயில்ரோடின் பிரதம இஞ்சினீயராக அவர் பணியாற்றினார். அந்தப் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிராக வரும் வண்டிகள் குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக் கடக்க வேண்டும். தந்தி வசதியோ அன்று கிடையாது. இன்ன வண்டி இன்ன இடத்தில் தாமதித்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரிவிக்க ஒரு வழியும் இல்லாத நிலையில், அச்சிட்ட நேர அட்டவணையும் அதை நம்பி வண்டி நடத்தும் ஆளின் கடமை உணர்ச்சியுமே பிரயாணிகளின் உயிரைக் காத்து நின்றன. 1841 அக்டோபர் 5ஆம் தேதி, வெஸ்ட்பீல்டுக்கு அருகில் இரண்டு பிரயாணி வண்டிகள் நேருக்கு நேர் மோதின. வண்டிப் பொறுப்பாளர் ஒருவரும் பிரயாணி ஒருவரும் மாண்டார்கள். பதினேழு பேர் காயமுற்றார்கள்.

மாஸசூஸெட்ஸில் எழுந்த கண்டனக் குரல் சாமானியமானதன்று. கம்பெனி உடனே விசாரணை நடத்தி, அந்த ஆண்டு முடிவதற்குள் புதிய நிர்வாக விதிகளை வகுத்தது. பாதை மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் போக்குவரத்துக்கு ஒருவர், பாதைப் பராமரிப்புக்கு ஒருவர், இஞ்சின்களுக்கும் பட்டறைக்கும் ஒருவர் என்று பொறுப்பாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். யார் யாருக்குக் கீழ், யார் யாரிடம் அறிக்கை கொடுக்க வேண்டும், அட்டவணையை மாற்றும் அதிகாரம் எவருக்கு உண்டு, எவருக்கு இல்லை என்பதெல்லாம் எழுத்தில் வரையறுக்கப்பட்டன. இன்று எந்தக் கம்பெனியிலும் சர்வசாதாரணமாகக் காணப்படும் இந்த அமைப்பு, அமெரிக்கத் தனியார் தொழிலில் அவ்வளவு தெளிவாக முதன்முதலில் உருவானது அங்கேதான் என்று வியாபார சரித்திர ஆசிரியர்கள் கருதுகிறார்கள்.

அந்த அமைப்பு ராணுவத்திலிருந்து வந்ததா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அமெரிக்க வியாபார வரலாற்றில் பேரறிஞராகிய ஆல்ஃபிரட் சாண்ட்லர், ரயில் தொழிலின் தேவைகளே அந்த நிர்வாக முறையைப் பிறப்பித்தன என்றும், ராணுவத்தின் நேரடிச் செல்வாக்குச் சொற்பமே என்றும் எழுதினார். சார்லஸ் ஓகானல் போன்றவர்கள் அதை மறுத்து, விஸ்லரும் மக்நீலும் ராணுவத்தின் சட்டப் புத்தகத்தையும் அறிக்கை முறையையும் தங்களோடு கொண்டுவந்ததைச் சுட்டிக்காட்டினார்கள். கீத் ஹாஸ்கினும் ரிச்சர்ட் மக்வேயும் இன்னும் ஒருபடி மேலே போய், தேயருடைய வகுப்பறை மதிப்பெண்ணிலேயே நவீன நிர்வாகத்தின் வித்தைக் கண்டார்கள். என் அபிப்பிராயத்தில், இரு பக்கத்திலும் உண்மை உண்டு. ஒற்றைத் தண்டவாளத்தின் அபாயம் ஒரு முறையை வேண்டி நின்றது. அந்த முறைக்கு ஏற்ற பழக்கமுள்ள கைகள் அப்போது அருகிலேயே இருந்தன. தேவை மட்டும் இருந்து ஆள் இல்லாதிருந்தால், இன்னும் எத்தனை மோதல்களுக்குப் பிறகு அந்த விதிகள் பிறந்திருக்குமோ?

விஸ்லர் 1842இல் ரஷ்யச் சக்கரவர்த்தியின் அழைப்பை ஏற்று, ஆண்டுக்கு 12,000 டாலர் சம்பளத்தில், பீட்டர்ஸ்பர்க்–மாஸ்கோ ரயில் பாதை அமைக்கச் சென்றார். அது முடிவடைவதைப் பார்க்கும் பாக்கியம் அவருக்கில்லை. 1849இல் அங்கேயே காலமானார். மக்நீலின் சகோதரியான அவருடைய இரண்டாவது மனைவி அன்னாதான், மகன் ஜேம்ஸ் விஸ்லர் தீட்டிய தாயின் ஓவியத்தில், கறுப்பு உடையணிந்து பக்கவாட்டில் அமர்ந்திருப்பவராக உலகம் இன்றும் காணும் அம்மையார்.

விஸ்லருக்குப் பிறகும் இந்த வழியில் பலர் வந்தார்கள். 1835இல் வெஸ்ட் பாயிண்டில் தேறிச் சில மாதங்களிலேயே விலகிய ஹெர்மன் ஹாப்ட், பென்ஸில்வேனியா ரயில்ரோடின் பொதுக் கண்காணிப்பாளராக விளங்கினார். உள்நாட்டு யுத்தம் மூண்டபோது, கம்பெனியில் பெற்ற அனுபவத்தை 1862இல் ராணுவ ரயில்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். ஜார்ஜ் மக்கிலெல்லன் 1857இல் ராணுவத்தை விட்டு இல்லினாய் ஸென்ட்ரலின் பிரதம இஞ்சினீயரானார். அவருடைய நண்பர் அம்புரோஸ் பர்ன்ஸைடு, தாமே கண்டுபிடித்த துப்பாக்கியைத் தயாரித்து விற்கும் முயற்சியில் கைப்பொருளை இழந்து நின்றபோது, மக்கிலெல்லன் அதே கம்பெனியில் அவருக்கு ஒரு வேலை தேடிக் கொடுத்தார். பட்டாளத்து நட்பு வெளியுலகத்தில் வேலைவாய்ப்பாக மாறும் வழக்கம், ஆக, அன்றே தொடங்கிவிட்டது.

இந்தச் சரித்திரத்துக்கு இருண்ட பக்கமும் உண்டு. உள்நாட்டு யுத்தத்தில் பெயர் பெற்ற தளபதிகளின் திறமையை விரும்பாமல், அவர்கள் பெயரை மட்டும் விரும்பிய வியாபாரங்கள் தோன்றின. தென்பகுதிச் சேனையின் தளபதிகளான போரேகார்டும் ஜூபல் எர்லியும், லூயிஸியானா லாட்டரிக் கம்பெனியின் குலுக்கல்களை மேற்பார்வையிட 1877இல் அமர்த்தப்பட்டார்கள். அவர்கள் மேடையில் அமர்ந்திருப்பதே சூதாட்டத்துக்கு நாணய முத்திரையாகிவிட்டது. 1890இல் லாட்டரிச் சீட்டுகளைத் தபாலில் அனுப்பக் கூடாதென்று சட்டம் வர நேர்ந்த அளவுக்கு அந்தக் கம்பெனி நாடெங்கும் சீட்டு விற்றது. ஜெனரல் கிரான்ட்டின் கதி இன்னும் பரிதாபகரமானது. அவர் 1854இல் ராணுவத்தை விட்டபின் விவசாயத்திலும் வியாபாரத்திலும் தோற்று, தகப்பனாரின் தோல் கடையில் வேலை பார்த்தவர். யுத்தத்தில் வென்று, ஜனாதிபதியாகி, முதுமையில் பெர்டினான்ட் வார்டு என்பவனின் பங்குத் தரகுக் கம்பெனியில் கூட்டாளியாகச் சேர்ந்தார். கணக்குப் புத்தகத்தை அவர் பார்த்ததில்லை. 1884 மே மாதத்தில் அந்தக் கம்பெனி முறிந்து, கிரான்ட் ஓட்டாண்டியானார். போர்க்களத்தில் ஒவ்வொரு வண்டித் தானியத்துக்கும் கணக்குக் கேட்டவர், தம் சொந்தப் பணத்துக்குக் கணக்குக் கேளாமல் விட்டார்.

தொழிலாளரின் பக்கமிருந்து பார்த்தாலும் குறை தெரியும். பட்டாளத்தின் பொறுப்பு முறையை விட்டு, அதன் கீழ்ப்படிதலை மட்டும் எடுத்துக்கொண்ட கம்பெனிகள், அபராதமும் வேலைநீக்கமும் கொண்டு ஆட்களை அடக்கப் பார்த்தன. ஹியூஷின் கம்பெனியிலேயே 1848இல் இஞ்சின் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1877இல் பால்டிமோர் அண்ட் ஓஹையோவின் கூலிக் குறைப்பால் மூண்ட கிளர்ச்சி அமெரிக்கா முழுவதும் பரவிற்று. சிப்பாய்க்குச் சோறும் உடையும் வைத்தியமும் கொடுத்த பிறகே சேனை கீழ்ப்படிதலைக் கேட்கிறது என்பதை இந்தக் கம்பெனிகள் மறந்தன.

ராணுவ இஞ்சினீயர்கள் கம்பெனித் துறைக்கு வந்ததற்கு நம் நாட்டிலும் சான்றுகள் உண்டு. இந்திய அரசாங்கத்துக்கு ரயில்வே ஆலோசகராக இருந்த ஜான் பிட் கென்னடி என்னும் ராணுவ இஞ்சினீயர், பின்னர் 1855இல் உருவான பம்பாய்–பரோடா–மத்திய இந்தியா ரயில் கம்பெனியின் மூலபுருஷர்களுள் ஒருவரானார். தமிழ் மக்கள் நன்கறிந்த ஆர்தர் காட்டன், சென்னை இஞ்சினீயர் படையைச் சேர்ந்தவர். கல்லணையின் பழைய நுட்பத்தை வியந்து பயின்று, 1836இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டித் தஞ்சை வளநாட்டைக் காத்தவர். கோதாவரியில் தவளேஸ்வரம் அணையை எழுப்பியவர். அவருடைய தூண்டுதலால் 1858இல் சென்னை நீர்ப்பாசன, கால்வாய்க் கம்பெனி தோன்றியது. துங்கபத்திரையின் குறுக்கே சுங்கேசுலாவில் அணை கட்டி, கர்நூலிலிருந்து கடப்பை வரை கால்வாய் வெட்டி, தண்ணீரை விற்று லாபம் காண்பது அதன் திட்டம். பத்து லட்சம் பவுன் மூலதனத்துக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் வட்டி தர அரசாங்கம் ஜாமீன் நின்றது. செலவு மதிப்பீட்டை மீறிற்று. அந்தக் கரிசல் நிலம் மழையின் ஈரத்தை வெகுநாள் தாங்கக்கூடியது. ஆகவே, நல்ல மழை பெய்த வருஷங்களில் குடியானவர்கள் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்க முன்வரவில்லை. கடைசியில் 1882இல் அரசாங்கமே கால்வாயை வாங்கிக்கொண்டது. காவேரியிலும் கோதாவரியிலும் வெற்றி கண்ட அதே மேதை, கம்பெனித் துறையில் தடுமாறியதற்குக் காரணம், உத்தரவுக்குக் கட்டுப்படாத ஒரு மனிதர் அங்கே குறுக்கிட்டதுதான்; அவர் வாங்குபவர். வாங்குபவரின் மனத்தை அறியும் பாடம் எந்த ராணுவப் பள்ளியிலும் இல்லை.

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். சீன யுத்தத்தின் விளைவாக 1963இல் சென்னைப் பரங்கிமலையில் தொடங்கிய ராணுவ உத்தியோகஸ்தர் பயிற்சிப் பள்ளி, இன்றுவரை குறுகிய காலப் பணிக்கு வாலிபர்களையும், 1992 முதல் யுவதிகளையும் பயிற்றுவித்து அனுப்பி வருகிறது. பத்து அல்லது பதினான்கு ஆண்டு சேவைக்குப் பின், முப்பதுகளிலேயே வெளியே வரும் இவர்களுக்காக, மத்திய அரசாங்கத்தின் மறுவாழ்வு இயக்ககம் நிர்வாகக் கல்லூரிகளில் சில மாதப் படிப்புக்கு ஏற்பாடு செய்கிறது. படிப்பு முடிந்து கம்பெனிக்கு விண்ணப்பிக்கும் மேஜர் ஒருவர், பனிமலைச் சாவடியில் ஆறு மாதத்துக்கு வேண்டிய மண்ணெண்ணெயையும் மாவையும் மருந்தையும் கணக்கிட்டு, பாதை மூடுமுன் ஏற்றிச் சேர்த்த அனுபவமுள்ளவராக இருக்கலாம். அந்த அனுபவத்துக்குச் சரக்குப் போக்குவரத்து, கிடங்கு, உற்பத்தி ஆகிய துறைகளிலெல்லாம் இடமிருந்தும், நம் கம்பெனிகளுள் பல, முன்னாள் ராணுவத்தார் என்றவுடன் காவல் பிரிவையே நினைக்கின்றன. சிப்பாய்களின் நிலையோ இன்னும் கடினம். ஜவான்களுக்கு வேலை தேடித் தரத் தமிழக அரசாங்கம் முன்னாள் படைவீரர் கழகத்தை நிறுவ நேர்ந்தது அதனால்தான்.

முதலாளிமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: முன்னாள் உத்தியோகஸ்தரை அமர்த்தும்போது அவருடைய மீசையையும் பதக்கத்தையும் பார்த்து வாயிலில் நிறுத்தாமல், கணக்கும் காலமும் உயிரும் சம்பந்தப்பட்ட பொறுப்பை அவர் கையில் கொடுங்கள், அவர் பெயரை உங்கள் விளம்பரப் பலகைக்கு அலங்காரமாக்காதீர்கள். ராணுவத்தை விட்டு வரும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நாள்தோறும் பதில் சொல்லும் பழக்கத்தை அங்கிருந்து கொண்டுவாருங்கள், உத்தரவுக்குக் கட்டுப்படாத வாடிக்கையாளரிடமும் தொழிலாளரிடமும் செவிசாய்க்கும் பழக்கத்தை இங்கே கற்றுக்கொள்ளுங்கள். எந்தக் கம்பெனியில் சேர்ந்தாலும், கையெழுத்திடுமுன் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.